எந்த ஊர்க் கோர்ட்டு? எந்த நாட்டுச் சட்டம்?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவற்றுக்கும் முடிச்சு ஒன்றுதான். கல்யாணம் இங்கே, மாப்பிள்ளை அங்கே. சரக்கு ஒரு ஊர், பில் இன்னொரு ஊர். “எங்க சட்டம் செல்லுமா, அவங்க சட்டம் செல்லுமா?” என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறீர்கள். நீதிபதி இதை மூன்றாகப் பிரித்துத்தான் பார்ப்பார். இந்த வழக்கை விசாரிக்க எனக்கு அதிகாரம் உண்டா? உண்டென்றால் எந்த ஊர்ச் சட்டத்தை வைத்து முடிவு சொல்வது? வேறு நாட்டில் ஏற்கெனவே தீர்ப்பு வந்திருந்தால் அதற்கு இங்கே என்ன மதிப்பு? முதல் கேள்வியில் ஜெயித்தவர் இரண்டாவதில் தோற்பது சாதாரணம். கீழே வரும் பதில்களில் எது எந்தக் கேள்வி என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்.

மகளுக்கு 2019-இல் இந்து முறைப்படி இங்கேதான் திருமணம். மாப்பிள்ளை அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். இரண்டு வருடமாக மகள் எங்களோடு இருக்கிறாள். போன மாதம் அந்த ஊர் கோர்ட்டுத் தாள்கள் கூரியரில் வந்தன, ஈமெயிலிலும் வந்தன. குறித்த நாளுக்குள் பதில் போடாவிட்டால் விவாகரத்து ஆகிவிடும் என்கிறார் மாப்பிள்ளை. ஆகிவிடுமா? — வாசகி, ராயபுரம்

அங்கே ஆகிவிடலாம். இங்கே அப்படித் தானாக ஆகிவிடாது. ஒரே தம்பதி அமெரிக்காவில் பிரிந்தவர்களாகவும் சென்னையில் கணவன் மனைவியாகவும் இருக்கும் விநோத நிலை சட்டத்தில் உண்டு. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

வெளிநாட்டுத் தீர்ப்பை எப்போது ஏற்கலாம் என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்கிறது. அதிகாரமில்லாத கோர்ட்டு தந்தது, வழக்கின் தகுதியை ஆராயாமல் தந்தது, பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தது, எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்புத் தராதது, மோசடியால் வாங்கியது, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கை மேல் நின்றது: இந்த ஆறில் ஒன்று இருந்தாலும் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. திருமண வழக்குகளுக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பதை 1991-இல் நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. திருப்பதியில் நடந்த திருமணம், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கணவர் வாங்கிய விவாகரத்து. எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஏற்கும் கோர்ட்டில், அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்துக்காக விவாகரத்து வந்திருக்க வேண்டும் என்பது அதில் சொன்ன விதி. அமெரிக்காவில் பெரும்பாலும் எழுதப்படும் காரணம் “ஒத்துப்போகவில்லை” என்பது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே இல்லை. மீட்க முடியாதபடி முறிந்த மணம் என்று சொல்லிப் பிரித்துவைக்கும் அதிகாரம் இன்றைக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான், அதுவும் அரசியல் சாசனத்தின் 142-வது உறுப்பின் கீழ். இதை 2023-இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

இந்த விதிக்கு விலக்கு மூன்று. மனைவி நிரந்தரமாக வசிக்கும் நாட்டிலேயே வழக்குப் போட்டு, நம் சட்டம் ஏற்கும் காரணத்தில் தீர்ப்பு வாங்கியிருந்தால் செல்லும். மனைவி தானாக முன்வந்து அந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டு வழக்காடி, நம் சட்டம் ஏற்கும் காரணத்தில் தீர்ப்பு வந்தால் செல்லும். மனைவி சம்மதித்திருந்தால் செல்லும். பெரும்பாலோர் விழுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். “ஐயா, எனக்கு விருப்பமில்லை, என் நகையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்” என்று கோர்ட்டுக்கு நல்ல மனசோடு ஒரு ஈமெயில் போடுவது, வீடியோவில் ஒருமுறை ஆஜராவது, மாப்பிள்ளை அனுப்பிய செட்டில்மென்ட் தாளில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவது — இவையெல்லாம் பிறகு “அவரே ஒப்புக்கொண்டார்” என்ற வாதமாகத் திரும்பி வரும். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் அங்குள்ள வழக்கறிஞர் மூலம், “இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை” என்ற ஆட்சேபத்தை மட்டும் முதலில் பதிவு செய்யுங்கள்.

கூரியர் பற்றி. வெளிநாட்டு சம்மன்களுக்கான ஹேக் உடன்படிக்கை 2007-இலிருந்து இந்தியாவுக்கு நடைமுறையில் இருக்கிறது. தபால் வழியாக நேரே அனுப்புவதை இந்தியா ஆட்சேபித்திருக்கிறது; மத்திய சட்ட அமைச்சகம் வழியாகத்தான் வர வேண்டும். ஆக, உங்களுக்கு வந்த முறை சரியில்லை. அந்தக் கூரியர் உறையை, டிராக்கிங் எண்ணும் தேதியும் தெரியும்படி, பத்திரமாக வையுங்கள். அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. அங்கே தீர்ப்பு வந்துவிட்டால் அங்குள்ள வீடு, சேமிப்பு, விசா எல்லாம் அதன்படிதான் நடக்கும்.

இங்கே செய்ய வேண்டியது: உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் மனு. மனைவி வசிக்கும் ஊரிலேயே அவர் மனுப் போட இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவு இடம் தருகிறது. அமெரிக்கத் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால், அது கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கக் கேட்கும் வழக்கு. அதற்குக் காலவரம்பு 3 ஆண்டு. ஜீவனாம்சத்துக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 144-வது பிரிவு (பழைய 125-தான்). குடும்ப வன்முறைச் சட்ட மனுவையும் வசிக்கும் எல்லை மாஜிஸ்டிரேட்டிடமே போடலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. “அமெரிக்காவில் டைவர்ஸ் ஆகிவிட்டதே” என்று நம்பி மகளுக்கு இங்கே மறுமணம் பேசிவிடாதீர்கள். தீர்ப்பு இங்கே செல்லாது என்றால் முதல் கல்யாணம் நிற்கிறது. இரண்டாவது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். மகளுக்கும் பிரியத்தான் விருப்பமென்றால், சென்னையிலேயே இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போடுவது எல்லாவற்றிலும் சுத்தமான வழி. ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்கில் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

என் தம்பி பனாமா கொடி ஏற்றிய சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. கப்பல் இப்போது காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. முதலாளி கம்பெனி கிரீஸில். ஒப்பந்தத்தில் தகராறு லண்டன் கோர்ட்டில் என்று போட்டிருக்கிறதாம். நாங்கள் லண்டனுக்கா போக முடியும்? — வாசகர், எண்ணூர்

போக வேண்டாம். பனாமா கொடி, கிரீஸ் முதலாளி, லண்டன் கோர்ட்டு, எண்ணூர்க் கடல் என்று நான்கு நாடு குறுக்கே வந்தாலும், கப்பல் நம் கடலில் நிற்கும்வரை உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கப்பல்துறை வழக்குச் சட்டம், 2017 (நடைமுறைக்கு வந்தது 1-4-2018) கப்பலையே பிரதிவாதியாக்கி வழக்குப் போட இடம் தருகிறது. முதலாளி எந்த நாட்டுக்காரர், எங்கே குடியிருக்கிறார் என்பதெல்லாம் பொருட்டல்ல. மாலுமியின் சம்பளம் அந்தச் சட்டத்தில் தெளிவாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட கோரிக்கை.

முதலில் பார்க்க வேண்டியது கப்பல் நிற்கும் இடம். ஆட்சிக்கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர். அதற்குள் நின்றால் சென்னை உயர் நீதிமன்றம் பிடிக்கலாம். கைபேசியில் கப்பல் இருப்பிடம் காட்டும் செயலிகளில் பார்த்து, படம் எடுத்து வையுங்கள். கப்பலின் பெயரை மட்டும் நம்பாதீர்கள், பெயர் மாற்றுவது பத்து நிமிட வேலை. ஐஎம்ஓ எண் என்று ஏழு இலக்கம் ஒன்று இருக்கும். கப்பல் உடைபடும்வரை அது மாறாது. மனுவில் அந்த எண் கட்டாயம் வேண்டும்.

தம்பியிடம் கேட்டு வாங்க வேண்டியவை: வேலை ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும், சி.டி.சி. எனும் மாலுமிப் பதிவுப் புத்தகத்தில் கப்பலில் ஏறிய தேதி உள்ள பக்கம், சம்பளச் சீட்டுகள், வீட்டுக்குப் பணம் வந்த கடைசி மாதத்தின் வங்கிக் கணக்கு, கேப்டனுக்கும் கம்பெனிக்கும் சம்பளம் கேட்டு எழுதிய ஈமெயில்கள். உடன் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்தால் ஒரே வழக்காகப் போடலாம். உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் பிராது, அதோடு கப்பலைக் கைதுசெய்யும் மனு. கப்பல் கிளம்பப் போகிறது என்றால் அவசரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். ஆணை துறைமுக அதிகாரிக்கும் சுங்கத் துறைக்கும் போன பிறகு கப்பலுக்கு வெளியேறும் அனுமதி கிடைக்காது. தவறாகக் கைதுசெய்தால் நஷ்டஈடு தருவேன் என்று உங்களிடம் உறுதிமொழி கேட்கும் அதிகாரம் 11-வது பிரிவில் இருக்கிறது. கணக்கை ஊதிப் பெருக்கிக் காட்டாதீர்கள்.

பெரும்பாலும் அடுத்து நடப்பது: முதலாளியோ அவருடைய காப்பீட்டுக்காரரோ பணத்தையோ பேங்க் கேரண்டியையோ கட்டிக் கப்பலை விடுவிப்பார்கள். அதோடு கப்பல் போகலாம். பணம் கோர்ட்டில் நிற்கும். லண்டன் என்ற வாதம் அதன்பிறகுதான் வரும், அப்போதும் உங்கள் கையில் பிணையம் இருக்கும். முதலாளி கைவிட்டுவிட்டால் கோர்ட்டு கப்பலை விற்கும். விற்ற பணத்தில் கடல்சார் பற்றுரிமைகள் (கப்பல் மேலேயே ஒட்டிநிற்கும் உரிமைகள்) முதலில், அவற்றுள்ளும் மாலுமி சம்பளம் முதலிடம். வங்கி அடமானம் அதற்குப் பின்னால். எண்ணெய் ஊற்றியவர், ரிப்பேர் பார்த்தவர் எல்லாம் அடமானத்துக்கும் பின்னால். கப்பல் கைமாறினாலும் இந்தப் பற்றுரிமை கப்பலோடேயே போகும். மற்றவர்களுக்கு அது ஒரு வருடத்தில் தீரும். சம்பளத்துக்கு மட்டும், பாக்கி விழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்.

கோர்ட்டுக்குப் போகாமலே ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரியாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டால் அது கைவிடல். கப்பலுக்குக் காப்பீடு தந்தவர் நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் தர வேண்டும். அந்தக் காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும், தொடர்பு எண்ணோடு. தம்பியை அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த நான்கு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கிக்குத்தான் கோர்ட்டு. “எல்லாம் தீர்ந்தது” என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளில், பாதிச் சம்பளத்தைக் கையில் வைத்து, கையெழுத்து வாங்கி இறக்கிவிடுவார்கள். அந்தத் தாளில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

எம்.சி. ரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம். சூரத்திலிருந்து 6 லட்சம் ரூபாய்க்குத் துணி எடுத்தேன். சாயம் ஓடுகிறது. பணம் திருப்பிக் கேட்டால், “பில்லைப் பார், சூரத் ஜூரிஸ்டிக்‌ஷன்” என்கிறார்கள். — வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

உங்களுக்குச் சட்ட மோதல் இல்லை, கோர்ட்டு மோதல் மட்டும். சூரத்திலும் சென்னையிலும் சரக்கு விற்பனைச் சட்டம் அதே 1930-ஆம் வருடத்துச் சட்டம்தான்.

பிரதிவாதி தொழில் செய்யும் ஊரிலும், வழக்கின் காரணம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த ஊரிலும் வழக்குப் போடலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-வது பிரிவு. துணி இறங்கியது சென்னையில், பணம் போனது சென்னைக் கணக்கிலிருந்து. ஆகவே இரண்டு ஊருக்கும் அதிகாரம் உண்டு. இரண்டு ஊருக்கு அதிகாரம் இருக்கும்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வது செல்லும். இதைச் சொன்ன 1989-ஆம் வருடத் தீர்ப்பே சேலத்து ஏஜென்சி ஒன்றின் வழக்கில் வந்ததுதான். “மட்டும்” என்ற சொல் இல்லாவிட்டாலும் அப்படித்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஊரை எழுதிவைத்தால், அந்த ஊர்க் கோர்ட்டுக்கு அதிகாரத்தை உண்டாக்கித் தர முடியாது.

உங்கள் பிடி எங்கே என்றால், “ஒப்புக்கொள்வது” என்ற சொல்லில். பேரம் முழுக்க வாட்ஸ்அப்பில் முடிந்து, பணமும் போய், அதன்பிறகு சரக்கோடு வந்த பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், அதை நான் ஒப்புக்கொள்ளவேயில்லை என்று வாதிடலாம். பத்து வருடமாக அதே கடையின் அதே பில்லை வாங்கி ஃபைலில் போட்டவர் என்றால் அந்த வாதம் மெலிந்துவிடும். உங்கள் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். அதில்தான் விடை இருக்கிறது.

தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக வழக்கு. அவசர இடைக்கால ஆணை கேட்காதபட்சத்தில், வழக்குக்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம். அதைத் தாண்டி நேரே போட்ட பிராது தள்ளுபடியாகும். தவறான ஊரில் போட்டுவிட்டால் பிராதைத் திருப்பித் தருவார்கள், சரியான ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்லெண்ணத்தோடு, அக்கறையோடு நடத்தியிருந்தால் வீணான காலத்தைக் காலவரம்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நீங்கள் பிரதிவாதியாக இருக்கும் வழக்கில் இதே ஆட்சேபத்தை முதல் எதிருரையிலேயே எழுப்பாவிட்டால் பிறகு காது கொடுக்க மாட்டார்கள்.

அதைவிட அவசரம்: சாயம் ஓடுவதை எழுத்தில் உடனே தெரிவித்தீர்களா? நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் வைத்திருந்தால் சரக்கை ஏற்றதாகிவிடும், அப்புறம் நஷ்டஈடு மட்டும்தான், திருப்பி அனுப்ப முடியாது. ஒரு மீட்டர் வெட்டித் தண்ணீரில் நனைத்து, லாட் எண் தெரிய வீடியோ எடுத்து, மீதியைத் தைக்கக் கொடுக்காமல் வையுங்கள்.

உங்கள் கடையில் சேலை வாங்கிய அம்மாவுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அவர் நுகர்வோர்; குடியிருக்கும் ஊர் ஆணையத்திலேயே புகார் தரலாம். நீங்கள் மறுவிற்பனைக்கு வாங்கியவர், அந்த வாசல் உங்களுக்கு இல்லை.

துபாயில் வேலை பார்த்தபோது வங்கியில் கடன் வாங்கினேன். வேலை போய் ஊர் வந்துவிட்டேன். துபாய் கோர்ட்டு தீர்ப்பாகிவிட்டது, வீட்டை ஜப்தி செய்வோம் என்று யாரோ தினமும் போன் செய்கிறார்கள். — வாசகர், தண்டையார்பேட்டை

போனில் ஜப்தி நடக்காது. ஆனால் தீர்ப்பு உண்மையாகவே இருந்தால், “அது அந்த நாட்டுத் தீர்ப்புதானே” என்று இருந்துவிடவும் முடியாது. 17-1-2020 தேதியிட்ட அறிவிக்கையால் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பரிமாற்ற நாடாகிவிட்டது, அதாவது அதன் தீர்ப்பை இங்கே நேரே நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர், ஹாங்காங், நியூசிலாந்து போன்றவை முன்பே அந்தப் பட்டியலில் இருந்தன. பட்டியலிலுள்ள நாட்டின் அறிவிக்கப்பட்ட கோர்ட்டுத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலையும், இதுவரை எவ்வளவு வசூலானது என்ற சான்றையும் இங்கே தாக்கல் செய்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்படி அதை நம் கோர்ட்டே தந்த தீர்ப்பாணைபோல் நிறைவேற்றலாம். அமெரிக்கா பட்டியலில் இல்லை. அந்த ஊர்த் தீர்ப்பு வைத்திருப்பவர் அதன் மேல் இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும், அதுவும் தீர்ப்பு நாளிலிருந்து 3 வருடத்துக்குள்.

உங்களுக்கு நிறைவேற்று மனுவின் நோட்டீஸ் வந்தால் ஆஜராகிப் பதில் போடுங்கள். ராயபுரம் அம்மாவுக்குச் சொன்ன அந்த ஆறு ஆட்சேபங்களும் உங்களுக்கும் உண்டு. நீங்கள் நாட்டைவிட்டு வந்தபின் சம்மன் எந்த முகவரிக்குப் போனது? சாட்சியம் எதையும் ஆராயாமல், ஆஜராகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வந்த தீர்ப்பா? அப்படியென்றால் அது தகுதியை ஆராய்ந்த தீர்ப்பல்ல என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது கைகொடுக்கும். வங்கி சாட்சியம் வைத்து, கோர்ட்டு அதைப் பார்த்து முடிவெடுத்திருந்தால், நீங்கள் போகவில்லை என்பது மட்டும் போதாது. ஆகவே தீர்ப்பின் முழு நகலைக் கேளுங்கள். கடைசிப் பக்கம் மட்டும் அனுப்புவார்கள். காலவரம்பு இந்தியாவின் 12 வருடம் அல்ல, தீர்ப்புத் தந்த நாட்டின் காலவரம்பு என்று 2020-இல் பேங்க் ஆஃப் பரோடா வழக்கில் முடிவானது. அபராதமும் வரியும் 44-ஏ வழியாக இங்கே வசூலாகாது. சம்பளத்தில் கைவைத்தால் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை.

அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். 1990-இல் இங்கே வந்து மாதவரத்திலேயே காலமானார். கோண்டாவிலில் ஒரு காணி, மண்ணடி வங்கியில் ஒரு டெபாசிட். அண்ணன் இரண்டுக்கும் சேர்த்துச் சென்னையில் பாகப்பிரிவினை வழக்குப் போடப் போகிறாராம். — வாசகி, மாதவரம்

காணிக்குச் சென்னையில் வழக்குப் போட்டால் செலவுதான் மிச்சம். அசையாச் சொத்தின் உரிமை, அது இருக்கும் மண்ணின் கோர்ட்டுக்கும் அந்த மண்ணின் சட்டத்துக்கும் உரியது. நாட்டுக்கு நாடு ஆயிரம் விஷயத்தில் வேறுபட்டாலும் இந்த ஒன்றில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். இந்தியாவுக்குள்ளேயே இது நடந்திருக்கிறது: மைசூர் சமஸ்தானக் கோர்ட்டு தந்த தீர்ப்பு சென்னையிலுள்ள நிலத்தைக் கட்டுப்படுத்தாது என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் விசுவநாதன் எதிர் அப்துல் வாஜித் வழக்கில் சொன்னது.

கோண்டாவில் காணிக்கு யாழ்ப்பாணத்துக் கோர்ட்டு. அங்கே பேசப்படுவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை. டச்சுக்காரர் காலத்தில் 1707-இல் தொகுத்தது, வாரிசுரிமைக்கு 1911-ஆம் வருட ஜாஃப்னா கட்டளைச் சட்டம். முதுசம் (பெற்றோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பின் தேடியது) என்று சொத்தை வகை பிரித்துத்தான் அங்கே பங்கு பேசுவார்கள். அப்பாவுக்குப் பெற்றோர் வழி வந்த காணியா, கல்யாணத்துக்குப் பின் விலைகொடுத்து வாங்கியதா என்பது முதல் கேள்வி. தேடியதேட்டம் என்றால் பாதி உங்கள் அம்மாவுக்கு. உறுதிப் பத்திரத்தின் தேதியைத் திருமணத் தேதியோடு வைத்துப் பாருங்கள்.

டெபாசிட் அசையும் சொத்து. அது, இறந்தவர் எந்த நாட்டை நிரந்தர வீடாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டுச் சட்டப்படி. இங்கே பல வருடம் இருந்தார் என்பதால் மட்டும் அது மாறிவிடாது. திரும்பிப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டாரா என்பதைக் கோர்ட்டு பார்க்கும். பழைய நாடே நிரந்தர வீடு என்ற தொடர்பு, புதியது தெளிவாக நிரூபணமாகும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக, மண்ணடி டெபாசிட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் தருவது சென்னைக் கோர்ட்டு, பங்கைச் சொல்வது இலங்கைச் சட்டமாக இருக்கலாம்.

அப்படியென்றால் இலங்கைச் சட்டத்தை யார் சொல்வது? நம் நீதிபதிக்கு அது தெரியும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. வெளிநாட்டுச் சட்டம் இங்கே ஒரு சங்கதி. வயலின் எல்லைக்கல்லை நிரூபிப்பதுபோல் நிரூபிக்க வேண்டும். பிராதிலேயே எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத வேண்டும். அந்த நாட்டு அரசு வெளியிட்ட சட்டப் புத்தகத்தைக் காட்ட வேண்டும், அல்லது அங்கு தொழில் செய்யும் வழக்கறிஞரை நிபுணர் சாட்சியாக்க வேண்டும். இணையத்தில் எடுத்த அச்சுத்தாளை நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். நிரூபிக்காமல் விட்டால் இந்தியச் சட்டம்போலத்தான் அதுவும் இருக்கும் என்று கொள்வதே வழக்கம். அண்ணனுக்கு எது லாபமோ அதற்கேற்ப அவர் இதைப் பேசாமலே விட்டுவிடக்கூடும், நீங்கள் விடாதீர்கள்.

பெரம்பூரில் இருக்கும் எங்கள் பெண்ணுக்குப் புதுச்சேரி வரன். “நாங்கள் ரெனோன்சான் குடும்பம், எங்களுக்கு பிரெஞ்சுச் சட்டம்” என்கிறார்கள். பாண்டிச்சேரி இந்தியாதானே? — வாசகர், பெரம்பூர்

இந்தியாதான். அவர்கள் சொல்வதும் சரிதான். 21-9-1881 தேதியிட்ட பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். இந்து திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களிலேயே எழுதியிருக்கிறது. நடைமுறையில் பெரிய வித்தியாசம் உயிலில் வரும். இந்து சட்டத்தில் சுயசம்பாத்தியத்தை முழுவதும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பிரெஞ்சுத் தொகுப்பில் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய பங்கைத் தொட முடியாது. ஒரு பிள்ளை என்றால் பாதியை, இரண்டு என்றால் மூன்றில் ஒன்றை, மூன்றும் அதற்கு மேலும் என்றால் கால்பங்கை மட்டுமே இஷ்டப்படி எழுதலாம். பெண்ணுக்கு இது நஷ்டமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டோம். கல்யாணத்துக்கு முன் தம்பதியர் சொத்து ஏற்பாடு என்ன என்பதைப் புதுச்சேரியில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஆறு வயது மகனுடன் வந்துவிட்டேன். குழந்தையைத் திருப்பி அனுப்பும்படி அந்த ஊர்க் கோர்ட்டு ஆணை. உடனே அனுப்ப வேண்டுமா? — வாசகி, வியாசர்பாடி

குழந்தைக் கடத்தல் குறித்த 1980-ஆம் வருட ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே ஆணை வந்தவுடன் அனுப்பும் கட்டாயம் இல்லை. அந்த ஆணை கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி மட்டும், குழந்தையின் நலனே முடிவு என்று 2017-இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவார், பெரும்பாலும் அதுதான் முதல் அடி. குழந்தை இங்கே எத்தனை மாதமாக இருக்கிறது, பள்ளியில் சேர்ந்தாயிற்றா, எந்த மொழி பேசுகிறது, அங்கே பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். வந்த சில வாரத்திலேயே கணவர் மனு போட்டால் திருப்பி அனுப்பும் வாய்ப்பு கூடுதல். ஒளித்துவைப்பது, போன் பேசவிடாமல் தடுப்பது இரண்டும் உங்களுக்கே எதிராகத் திரும்பும். வாரம் இரண்டு வீடியோ அழைப்பு பேசவைத்து அதன் பதிவை வைத்திருங்கள்.

பெங்களூருக்காரர் தந்த செக் திரும்பி வந்துவிட்டது. நான் பெங்களூர் போக வேண்டுமா? — வாசகர், கொருக்குப்பேட்டை

வேண்டாம். கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பிய செக் என்றால், உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த எல்லையிலோ அந்த மாஜிஸ்டிரேட்டிடமே புகார். 2014-இல் உச்ச நீதிமன்றம் செக் தந்தவரின் வங்கி இருக்கும் ஊர் என்று சொல்லியிருந்தது. 2015-இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். வங்கி மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள், அதுவும் தாண்டினால் ஒரு மாதத்துக்குள் புகார். மெமோவின் தேதியைப் பாருங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் தேதி சரியென்றால் நோட்டீஸ் அனுப்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.